மோனைக்காக ஒரு பெயர்

லண்டன், 1381

ஜூன் 24, புனித யோவான் திருநாள்

இந்த ஆண்டு யோவான் திருநாளுக்குத் தெருவில் யாரும் வழக்கமான தீயை மூட்டவில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் மூட்டியதே போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. எஸ்ஸெக்ஸிலிருந்தும் கென்டிலிருந்தும் உழவர்கள் ஆயிரக்கணக்கில் நகருக்குள் புகுந்தார்கள். பெரிய மனிதர்களின் மாளிகைகளைக் கொளுத்தினார்கள். அரசரை நேருக்கு நேர் பார்த்து, 'இனி நாங்கள் யாருடைய பண்ணையடிமையும் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அந்த மை காய்வதற்குள் பேச்சு மாறிவிட்டது. இப்போது ஊர் ஊராகத் தூக்கு மரம் நடுகிறார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? நாய்க்கு ஒப்பாரி எழுதிக்கொண்டிருக்கிறேன். கணவர் இறந்து ஆறு ஆண்டாக இந்த நகலெழுதும் கடையை நடத்துகிறேன். விதவை ஆவிஸின் கைப்படி என்றால் ஒரு எழுத்துப் பிசகாது என்று நகரத்தில் பெயர். அந்தக் கைக்கு வந்திருக்கும் வேலை இது.

கொண்டுவந்தவன் ரெய்னால்டு. இசோல்டா சீமாட்டியின் மாளிகையில் எழுத்தன். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் கடைசியில் உட்கார இடம் பிடித்த கவிஞன். சீமாட்டி முன்பெல்லாம் பிரெஞ்சுப் பாட்டைத் தவிர வேறெதையும் காது கொடுத்துக் கேட்க மாட்டாள். இப்போது ஆங்கிலம்தான் நாகரிகமாம். நம் பேச்சு மாளிகைக்குள் நுழைந்துவிட்டது. அதைப் பேசுகிறவர்கள் வெளியே கயிற்றில் தொங்குகிறார்கள்.

"முந்நூறு வரி, ஆவிஸ். நல்ல கன்னுக்குட்டித் தோல்ல எழுதிக் குடு. ஓரத்துல நீலப் பூ வரைஞ்சா அவங்களுக்குப் பிடிக்கும்."

"நாய்க்கா?"

"பாவம், அன்னிக்குக் கூட்டம் போட்ட கூச்சல்ல பயந்தே செத்துப்போச்சு."

"அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் செத்தாங்கன்னு எழுதுனியா?"

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். "மெதுவாப் பேசேன்," என்றான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் 'உழவன் பாட்டு' எழுதியவன் இவன்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பெயர் போடாமல் எழுதினான். இரண்டாயிரம் வரி. முதல் நகல் என் கடையில்தான் எடுத்தேன். அதைப் பார்த்து யாரோ எடுத்தார்கள், அதைப் பார்த்து வேறு யாரோ. படிக்கத் தெரியாதவன்கூட மதுக்கடையில் கேட்டு மனப்பாடம் செய்தான். பதினோரு நாளைக்கு முன்னால் எங்கள் தெரு வழியாகப் போன கூட்டம் அதில் இரண்டு வரியைக் கத்திக்கொண்டே போனது. நான் ஜன்னலில் நின்று கேட்டேன்.

அதை எழுதிய ஆசாமி இன்று நாய்க்கு நீலப் பூ கேட்கிறான். தோலின் ஓரத்தை நறுக்கும்போது விழும் துண்டுகளில்தான் இதையெல்லாம் எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஜூன் 26

மை காய்ச்சினேன். ஊறவைத்த மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதி போட்டு, பிசின் கரைத்து, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். வெளிறிப்போய் வந்திருக்கிறது. மாசிக்காய் விற்றவனை நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

நாய்ப் பாட்டில் அறுபது வரி முடிந்தது. 'பட்டுக் காது' என்று இதுவரை நான்கு இடத்தில் வந்துவிட்டது.

ஜூன் 29, பேதுரு பவுல் திருநாள்

மேபல் வந்திருக்கிறாள். என் தம்பி வாரினின் மனைவி. எஸ்ஸெக்ஸில் வான்லி என்கிற எங்கள் ஊரிலிருந்து இரண்டு நாள் நடந்தே வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. கதவைத் திறந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, அவரப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"வாரினையா? அவன் ஊர விட்டே நகரலன்னு சொல்லி அனுப்புனியே?"

"நகரல அண்ணி. அந்த வாரம் பூரா துரையோட புல்வெளிலதான் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தாரு. மத்த ஆம்பிளைங்க பண்ணை வீட்டுக்குள்ள பூந்து சுருளையெல்லாம் இழுத்துப் போட்டுக் கொளுத்துனப்பகூட இவரு போகல. நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டு வேணாம்னேன்."

சுருள் என்றால் பண்ணைச் சுருள். யார் யார் துரைக்குக் கட்டுப்பட்ட ஆள், யார் எத்தனை நாள் சும்மா உழுது கொடுக்க வேண்டும், யார் மகள் யாரைக் கேட்டுக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று பரம்பரை பரம்பரையாக எழுதிவைத்த தோல் சுருள். அதில் ஒரு முறை பெயர் ஏறினால் பேரன் காலத்துக்கும் இறங்காது. எரித்தவர்கள்மேல்தான் அரசாங்கத்துக்கு ஆத்திரம்.

"ஒண்ணுமே பண்ணாதவனை எதுக்குப் பிடிச்சாங்க?"

"ஒரு பாட்டாம் அண்ணி. தூக்குல போட்ட ஒருத்தன் சட்டைக்குள்ள இருந்துச்சாம். நீதிபதியோட ஆளுங்க குதிரைல வந்து, ஊரைக் கூட்டி வாசிச்சுக் காட்டுனாங்க. ஊர் பேரோட, இவரு பேரோட இருக்கு. இவருதான் தலைவனாம். தூண்டிவிட்டதே இவருதானாம். அவரயா அண்ணி! கோழி அறுக்கவே என்னைக் கூப்பிடுவாரு!"

அவள் அந்த இரண்டு வரியைச் சொன்னாள். ஒரு முறைதான் கேட்டாளாம், மனதில் நின்றுவிட்டதாம்.

வான்லி வயலை உழுத வாரின் வரப்பில் நின்று சொன்னான்:
சுருளில் உள்ள என் பெயரைச் சுட்டால்தான் என் அடுப்பு சூடாகும்.

அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். பதினோராம் தேதி விசாரணையாம். இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் விசாரணை காலையில் நடந்தால் சாயங்காலம் தூக்கு.

பாட்டு ரெய்னால்டுடையது. அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் ஒரு நடை போய் நீதிபதியிடம் 'இதெல்லாம் கற்பனை, அப்படி எந்த உழவனும் சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. போகட்டும். போயே ஆக வேண்டும்.

ஜூலை 1

மாளிகையின் பின்வாசலில் அரை நாள் நிற்கவைத்தான். பிறகு வந்தான், புது அங்கியில், கையில் ரொட்டித் துண்டோடு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"என்னோட கற்பனைன்னு சொன்னா அடுத்த நிமிஷம் என் கழுத்துல கயிறு, ஆவிஸ்."

"இப்போ வாரின் கழுத்துல இருக்கே, அது என்ன பூமாலையா?"

"நான் பண்ணையாள் மகன். எங்க துரை மனசு இறங்கிப் படிக்க விட்டாரு. இந்த மேசையில ஒரு இடம் பிடிக்க எனக்கு இருபது வருஷம் ஆச்சு. வாயத் தொறந்தா அத்தனையும் போச்சு."

"வாயத் தொறக்காம இருக்கறதுக்கா உன்னைக் கவிஞன்னு சொல்றாங்க?"

அதற்கு அவன் ஒன்று சொன்னான். மெதுவாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

வீடு வந்து சேரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வழியில் ஒரு மீன்காரி என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள்.

ஜூலை 3

மேபலை ஊருக்கு அனுப்பிவைத்தேன். என் பழைய செருப்பைக் கொடுத்தேன். ஒரு அளவு பெரிது, துணி அடைத்துக் கட்டிவிட்டேன். 'நான் ஆள் அனுப்புறேன்' என்று சொன்னேன். எந்த ஆள்?

நாய்ப் பாட்டில் நூற்று நாற்பது வரி. எழுத எழுதப் பற்றிக்கொண்டு வருகிறது. ரெய்னால்டுக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாய் சாகும் இடத்தை நானே இரண்டு முறை படித்தேன். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு இதையா எழுதுவான் ஒருவன்?

அந்தக் கொள்ளைநோய் வந்து பாதி ஊரை வாரிக்கொண்டு போனபோது நான் கைக்குழந்தை. அப்புறம் உழ ஆள் இல்லை. ஆள் இல்லாததால் இருந்த ஆளுக்கு மதிப்பு வந்தது. உடனே பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, பழைய கூலிக்கு மேல் கேட்பதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். எங்கள் அப்பா கேட்டார். மூன்று நாள் கால் கட்டையில் மாட்டி வைத்தார்கள். வாரின் அப்போது பிறக்கவில்லை. நான் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அந்தக் கட்டையின் ஓட்டை வழியாக விரலை விட்டு விளையாடினேனாம். அம்மா சொல்வாள்.

நான் நகரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு தப்பித்தேன். வாரின் மாட்டிக்கொண்டான். மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்திருந்தபோது, இந்த அடுப்பின் முன்னால் கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டே சொன்னான். "அந்தச் சுருள்ல என் பேர் இருக்கற வரைக்கும் எங்க வீட்டு அடுப்பு சூடாகாதுக்கா. அதைச் சுட்டாத்தான் இது சூடாகும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அதிகம் பேசுகிறவன் இல்லை அவன். வருடத்துக்கு ஒரு முறை இப்படி ஒன்று சொல்வான்.

அது எப்படிப் பாட்டுக்குள் போனது என்று உட்கார்ந்து யோசிக்க எனக்கு இப்போது நேரம் இல்லை.

ஜூலை 4

மாசிக்காய்க்காரனோடு சண்டை. பாதிக் காய் பூச்சி துளைத்துப் பறந்துபோன ஓட்டைக் காய். மாற்றிக் கொடுத்தான். தேவைக்கு மேலேயே கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 6

ரெய்னால்டு கடைக்கே வந்தான். மனம் மாறிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்.

"என் கையெழுத்துப் படி உன்கிட்டதான இருக்கு? நீ நகல் எடுத்தப்போ குடுத்தது."

"எதுக்கு?"

"எரிக்கணும். வீடு வீடாத் தேடறாங்களாம்."

பெட்டியைத் திறந்து கட்டோடு எடுத்து அவன் மேல் எறிந்தேன். அவன் ஒவ்வொரு தாளாக அடுப்பில் போட்டான். ஒரு தாளை மட்டும் போடவில்லை. மேசையில் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தான்.

"படி."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"சத்தமாப் படி, ஆவிஸ்."

நான் படிக்கவில்லை. அவனே படித்தான். "'உழவன் தாமஸ் ஒருநாள் வரப்பில் நின்று சொன்னான்: உழைப்புக்கு ஏற்ற கூலி கொடுத்தால் ஊரில் அமைதி நிலவும்.' இதான் நான் எழுதுனது. அன்னிக்கு மாளிகை வாசல்லயும் இதைத்தான் சொன்னேன். அந்தப் பேரை வெச்சது நானான்னு கேட்டேன்."

அந்தத் தாளையும் அடுப்பில் போட்டுவிட்டுப் போனான். நாய்ப் பாட்டு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று கதவருகே நின்று சொன்னான். எதை எடுத்து அவன் மேல் எறிந்தேன் என்று நினைவில்லை. சுவரில் மை வழிகிறது.

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் மட்டும் நடந்தது நடக்காமல் போய்விடுமா?

எங்கள் பழைய பாட்டு முறையில் வரிக்கு மூன்று சொல்லாவது ஒரே ஓசையில் தொடங்க வேண்டும். மோனைதான் பாட்டுக்கு முதுகெலும்பு. காதால் கேட்டே மனதில் வைக்கிறவர்களுக்கு அதுதான் பிடிமானம். ரெய்னால்டு அந்த இடத்தில் தூங்கிவிட்டான். 'உழவன் தாமஸ் ஒருநாள் வரப்பில்.' 'உழவன்', 'ஒருநாள்' என்று இரண்டே சொல்தான் அரைகுறையாகச் சேர்கிறது, மூன்றாவதே இல்லை. அடுத்த வரி அதைவிட மோசம். ஊர்ப் பெரியவர் பஞ்சாயத்தில் பேசுகிற மாதிரி ஒரு வரி. எந்த உழவன் அப்படிப் பேசுவான்? நகல் எடுக்கிறவள் ஒரு சொல்லையும் தொடக் கூடாது. தப்பு இருந்தால் தப்பையும் அப்படியே எழுத வேண்டும். பத்து வருடம் அப்படித்தான் எழுதினேன். அன்றைக்கு இறகு அந்த வரியில் நின்றுவிட்டது. மோனை இடித்தது. பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாரின் சொன்னது காதிலேயே இருந்தது. வயல், வரப்பு, வாரின், வான்லி. தானாக வந்து உட்கார்ந்தது. எழுதிவிட்டேன். என் தம்பி உயிரோடு இருக்கிற ஒரு மனிதன் என்றோ, அவனுக்கு ஒரு கழுத்து இருக்கிறது என்றோ அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஓசை சேர்ந்ததா என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டாயிரம் வரியில் ஊர் உலகம் மனப்பாடம் செய்தது அந்த இரண்டு வரியைத்தான். விஷயம் தெரிந்த நாலு பேர் பாராட்டியபோது ரெய்னால்டு தலையை ஆட்டி வாங்கிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அன்று ஜன்னலுக்குக் கீழே அவ்வளவு பேரும் கத்திக்கொண்டு போனபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 9

வழியில். கடையைப் பூட்டிவிட்டேன். நாய்ப் பாட்டு இருநூற்றுப் பத்தாவது வரியில் நிற்கிறது, நிற்கட்டும்.

சாலையோரம் இதுவரை ஏழு பேரைப் பார்த்தேன், தொங்கிக்கொண்டு. ஒருவனுக்குப் பாதி தாடிதான் வளர்ந்திருந்தது. கால் கொப்புளம் உடைந்து எரிகிறது. மேபல் செருப்பே இல்லாமல் இந்த வழியாகத்தான் வந்தாள்.

ஜூலை 11

வான்லியில், பண்ணையின் தானியக் கொட்டகையில் நீதிமன்றம் கூடியது. உமி இன்னும் தரையில் கிடந்தது. லண்டனிலிருந்து வந்த நீதிபதி அடிக்கடி தும்மினார். வாரினுக்கு முன்னால் எட்டுப் பேர். ஐந்து பேருக்குத் தூக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வாரினின் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்தான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

நீதிமன்ற எழுத்தர் சிவந்த மூக்குக் கிழவர். அவர் அந்த இரண்டு வரியை வாசித்தார். கொட்டகையின் பின்பக்கம் நின்றவர்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்ததை நான் பார்த்தேன். "இது உன் பேர்தானே? உன் ஊர்தானே?" என்று நீதிபதி வாரினைக் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய்விட்டேன்.

"ஐயா, அந்த ரெண்டு வரியும் நான் கட்டினது."

"யாரு நீ?"

"இவன் அக்கா. லண்டன்ல நகலெழுதுற விதவை. பேரு ஆவிஸ்."

"பொம்பளை பாட்டுக் கட்டுனியா?" கொட்டகை சிரித்தது. "மீதிப் பாட்டு யாருது?"

ரெய்னால்டின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருக்கலாம். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, கடவுள் சாட்சி. ஆனால் சொன்னால் அந்த இரண்டு வரியும் அவனுடையதாகிவிடும். ஒரு கவிஞனின் பெயர் கிடைத்த பிறகு ஒரு விதவை சொல்வதை யார் கேட்பார்கள்?

"தெரியாதுங்கய்யா. பேர் போடாத பாட்டு. அந்த ஒரு எடத்துல மோனை இடிச்சுது. நான் சரி பண்ணினேன்."

"மோனைக்காக ஒருத்தன் பேரை எடுத்தியா?"

"ஆமாங்கய்யா. 'வ'வுல ஆரம்பிக்கற பேர் வேணும். தம்பி பேரு கைக்கு வந்துச்சு."

நீதிபதி நம்பவில்லை. ஆனால் எழுத்தர் கிழவர் நம்பினார் என்று தெரிந்தது. அவர் விரலை மடக்கி மடக்கி, உதட்டுக்குள்ளேயே பெயர்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவரும் எங்கேயோ ரகசியமாகப் பாட்டுக் கட்டுகிறவராக இருக்க வேண்டும்.

"ராபர்ட்டுன்னா வரி உடையுது, ஐயா. கில்பர்ட்டும் ஆகல," என்று நீதிபதியிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆனா வால்டர் பொருந்துதேம்மா? ஏன் வால்டர்னு வைக்கல?"

உண்மையில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் பதில் தானாக வந்தது.

"வால்டர்ங்கறது எங்க துரை பேருங்கய்யா. வான்லி வயல அவரு எங்க உழுதாரு?"

இந்த முறை கொட்டகை முழுக்கச் சிரித்தது. நீதிபதியும் தும்மலுக்கு நடுவே சிரித்துவிட்டார். சிரித்தவுடன் அவருக்குக் கோபம் வந்தது.

"அப்போ இவன் இந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையா?"

வாரின் தலையைத் தூக்கினான். "ஐயா, நான் வந்து..."

"சொல்லலைங்கய்யா!" என்று கத்தினேன். அவன் குரல் கேட்கக் கூடாது என்று கத்தினேன். "ஒரு நாளும் சொல்லல. அவனுக்கு இப்படியெல்லாம் பேச வராது. அது முழுக்க நான் கட்டின பொய்!"

வேத புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். கை வைத்துச் சத்தியம் செய்தேன். வாரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கையில் இருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். நீதிபதி எழுத்தரைக் கேட்டார். "உயிரோட இருக்கறவன் பேர்ல பொய் சொன்னா லண்டன்ல என்ன தண்டனை?"

"தொழுமரத்துல நிறுத்தி, கழுத்துல சாணைக்கல் கட்டுவாங்க, ஐயா."

"இங்கயும் அதையே பண்ணுங்க. சனிக்கிழமை, சந்தை நேரத்துல."

கொட்டகைக்கு வெளியே வந்ததும் மேபல் என் கையைப் பிடித்து முத்தமிட்டு அழுதாள். வாரின் முன்னாலேயே நடந்து போய்விட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கழுத்து குனிய மறுக்கிறது. நின்றுகொண்டே, மேபல் வீட்டு அலமாரிமேல் தோலை வைத்து எழுதுகிறேன்.

கழுத்தையும் இரண்டு மணிக்கட்டையும் பலகைக்கு நடுவே மாட்டினார்கள். பொய்யருக்கு நாக்கு கூர்மையாம், அதைத் தீட்டிக்கொள்ளத்தான் கல் என்று அர்த்தமாம். கத்தி தீட்டுகிற கல்தான், இரண்டு கை நீளம். காலை மணி அடித்ததிலிருந்து நடுப்பகல் மணிவரை. முட்டைக்கோஸ் எறிந்தார்கள். ஒரு கிழவி அழுகிய முட்டையை எறிந்தாள், குறி தப்பவில்லை. ஒரு தோல் வியாபாரி எறிவதற்கு முன்னால் என் இரண்டு வரியையும் ஒழுங்காகச் சொன்னான், பிறகு எறிந்தான். மோனையில் ஒரு பிசகும் இல்லை.

கல்லின் கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அப்போது பாரம் திடீரென்று குறைந்தது. வாரின் வந்து கல்லின் அடியில் கை கொடுத்துத் தாங்கியிருந்தான். காவல்காரன் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

"வந்துட்டியாடா," என்றேன்.

"நான்தான் சொன்னேன்."

"என்ன?"

"அடுப்பு, சுருளு, எல்லாம். நான்தான் சொன்னேன். உன் வீட்டுல உக்காந்து, உன்கிட்டதான் சொன்னேன்."

"மெதுவாப் பேசுடா. காவக்காரன் நிக்கிறான்."

"நிக்கட்டும்." அவன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. இவ்வளவு கோபமாக அவனை நான் பார்த்ததே இல்லை. "எல்லாரும் போய் சுருளைக் கொளுத்துனாங்க. நான் போகல. மேபல் அழுதான்னு போகல. துரைக்குப் புல்லு அறுத்துக்கிட்டு நின்னேன். அந்தப் பொகை என் மேலதான் வந்துச்சுக்கா, அங்க நின்னு மோந்து பாத்தேன். என்னுதுன்னு இருந்தது அந்த ஒரு பேச்சுதான். என்னைக் கேக்காம அதை எடுத்துப் பாட்டுல வெச்ச. சரி. தூக்குல போட்டாலும் ஆமா, நான் சொன்னதுதான்னு சொல்லணும்னு அங்க நின்னேன். வாயத் தொறந்தேன். எனக்கு அப்படியெல்லாம் பேச வராதுன்னு ஊருக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டியே!"

"உயிரோட நிக்கிறியேடா. அது போதாதா?"

"போதுமான்னு என்னைக் கேட்டியா?"

அதற்கு மேல் அவன் பேசவில்லை. கல்லை மட்டும் விடவில்லை. கை மாற்றி மாற்றி நடுப்பகல் மணி அடிக்கும்வரை தாங்கிக்கொண்டு நின்றான். என் முகத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பலகையைத் திறந்ததும் கல்லைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். இன்று காலை என்னோடு ஒரே அறையில் கஞ்சி குடித்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த வரி என்னுடையது என்று மூன்று வருடமாக நெஞ்சுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். ரெய்னால்டு திருடிவிட்டான் என்று எரிந்தேன். அவன் பாராட்டைத்தான் வாங்கிக்கொண்டான். நான் வாரினிடமிருந்து இரண்டு முறை எடுத்துக்கொண்டேன், இரண்டாவது முறை வேத புத்தகத்தின் மேல் கை வைத்து. அவன் சொல்வதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அதனால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். ரெய்னால்டு மேல், நீதிபதி மேல், அந்தச் சுருளை எழுதிய கைகள் மேல், இந்தக் கையின் மேல், வாயைத் திறக்கப் போன இந்த மடையன் மேல்.

இல்லை, நான் அவனைக் கேட்கவில்லை. நாளைக்கே மறுபடி பிடித்துக்கொண்டு போனாலும் கேட்க மாட்டேன். அவன் பேசுவதற்குள் முன்னால் போய் நின்று கத்துவேன். அவன் சாகிறவரைக்கும் என்னோடு பேசாமலே இருக்கட்டும். நாற்பது வருடம் கழித்து, கிழவனாகிப் படுக்கையில் சாகட்டும்.